பெண்களின் உழைப்பு, வருமானம், பாதுகாப்பு: ஊர் திரும்பும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

பற்றை வெட்டி, வளவைத் துப்புரவாக்கி, தகரக் கொட்டில் போட்டு, கிணறு இறைத்து முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்திலும் அடுத்த கேள்வி எழுகிறது: இனி எதைக் கொண்டு சீவிப்பது? வன்னியில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரில் வெளியேறின. அந்த ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குக் கிராமங்களுக்குத் திரும்பியவர்களில் கணவரை இழந்தவர்கள், கணவர் காணாமற்போனவர்கள், கணவர் தடுப்பில் இருந்தவர்கள், காயமடைந்த கணவரைப் பராமரித்தவர்கள் எனப் பல ஆயிரம் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கச்சான் பிடுங்கினார்கள், மாடு வளர்த்தார்கள், கருவாடு போட்டார்கள், கடை வைத்தார்கள், ஆடைத்தொழிற்சாலைக்குப் போனார்கள். முகமாலையில் கவசம் அணிந்து கண்ணிவெடி அகற்றும் வேலையையும் பெண்கள் செய்தார்கள். “இது ஆம்பிளையள் செய்யிற வேலை” என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட பலவற்றை வன்னிப் பெண்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

எனவே பெண்கள் உழைக்க வேண்டுமா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. அவர்கள் ஏற்கெனவே உழைக்கிறார்கள். முன்னர் திரும்பிய குடும்பங்களில் நாம் திரும்பத் திரும்பக் கண்ட குறை வேறொன்று. காணி ஒருவர் பெயரில், பால் கொப்பி இன்னொருவர் பெயரில், கடன் மட்டும் பெண்ணின் பெயரில். இப்போது திரும்பி வரும் நீங்கள் ஆரம்பத்திலேயே கவனித்தால் இந்த நிலையைத் தவிர்க்கலாம்.

எந்தத் தொழிலைத் தொடங்கும் முன்னும் குடும்பமாக இருந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்தத் தொழிலின் பதிவும் சொத்தும் யார் பெயரில் இருக்கும்?
2. இதைச் செய்யும் பெண் எந்த வழியால், எந்த நேரத்தில் போய்வருவார்? அது பாதுகாப்பானதா?
3. வரும் காசு யார் கைக்கு வரும்? அதை எப்படிச் செலவழிப்பது என்று யார் தீர்மானிப்பார்?

யார் பெயரில்?

ஒரு குடும்பத்தில் மனைவி விடிய 5 மணிக்கு எழும்பி மாட்டுக்குத் தீன் வைக்கிறார், பால் கறக்கிறார், பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கொப்பியில் கணவரின் பெயர். காசு கணவரின் கணக்குக்குப் போகிறது. இருவரும் ஒற்றுமையாக இருக்கும் வரை இது ஒரு பிரச்சினையாகத் தெரியாது. கணவர் சுகவீனமடைந்தால், வெளிநாடு போனால், பிரிந்து போனால், அந்த மாடுகளை வளர்த்தவர் தாம் என்பதைக் காட்ட அந்தப் பெண்ணிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இருக்காது. கால்நடை அபிவிருத்திக்கான உதவி வரும்போதும் அவர் பெயர் பட்டியலில் இருக்காது. ஆகவே வேலை செய்பவரின் பெயரிலேயே கொப்பியைத் திறவுங்கள்.

இடம்பெயர்ந்தோர் தொடர்பாக ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆவணங்களைப் பெறுவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை உண்டு. பெண்கள் தமது சொந்தப் பெயரிலேயே அவற்றைப் பெற உரிமையுடையவர்கள். ஆகவே அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் முதலில் கிராம அலுவலரிடம் சென்று அவற்றுக்கு விண்ணப்பியுங்கள். வேறு எந்தப் பதிவுக்கும் அவையே அடிப்படை.

காணி விடயத்தில் மூன்று நிலைமைகள் வன்னியில் அடிக்கடி எழுகின்றன.

அனுமதிப்பத்திரக் காணி: இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற குடியேற்றத் திட்டப் பகுதிகளில் பல குடும்பங்களிடம் இருப்பது உறுதி அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். உரிமையாளர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆண் உறவினருக்கே நீண்ட காலமாக முன்னுரிமை இருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. ஆனாலும் நியமனம் இல்லாத காணிகளில் உறவினரிடையே பிணக்கு வருகிறது. உரிமையாளர் உயிருடன் இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் சென்று பின்னுரித்தாளரை நியமித்துவிடுங்கள். மகளையும் நியமிக்கலாம்.

தேசவழமை: வடமாகாணத் தமிழர்களுக்குப் பொருந்தும் இந்தச் சட்டப்படி, திருமணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. சீதனமாக வந்த காணிக்கும் இதுவே. கணவர் காணாமற்போயிருந்தால் அல்லது பிரிந்து போயிருந்தால் வங்கி “கணவரின் கையெழுத்து எங்கே?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடும். அத்துடன் முடிந்துவிட்டதென்று திரும்பிவிட வேண்டாம். கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம். இதற்கு விண்ணப்பிக்கச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

கணவர் காணாமற்போயிருந்தால்: பல பெண்கள் இறப்புச் சான்றிதழ் எடுக்க மறுத்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தம் கையால் எழுதிக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இந்த வேதனையைக் கருத்தில் கொண்டு 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் காணாமற்போயிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் தனியான சான்றிதழ் ஒன்று அறிமுகமானது. இது இறப்புச் சான்றிதழ் அல்ல. இதைப் பெறுவதால் தேடுதலோ விசாரணையோ முடிந்துவிடுவதும் இல்லை. சொத்துகளைப் பராமரிக்கவும், கணவரின் வங்கிக் கணக்கு, கொடுப்பனவுகள் போன்ற அலுவல்களைப் பார்க்கவும் இது உதவும். விபரங்களைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

வீட்டுத்திட்டப் படிவங்களில் “குடும்பத் தலைவர்” என்ற இடத்தைப் பார்த்ததும் ஆணின் பெயரை எழுதுவது பழக்கமாகிவிட்டது. குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணின் பெயரை அங்கே எழுதலாம். கணவனும் மனைவியும் இருக்கும் வீட்டில் இருவர் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

சமமான கூலி

வயலிலும் தோட்டத்திலும் பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த நாட்கூலி கொடுப்பது எமது பகுதியில் பழகிப்போன வழக்கம். களை பிடுங்குவதும் கச்சான் ஆய்வதும் “லேசான வேலை” என்று காரணம் சொல்லப்படும். காலை 7 மணியிலிருந்து வெயிலில் குனிந்து நின்றவருக்குத்தான் அது லேசா பாரமா என்று தெரியும்.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இலங்கைத் தொழிலாளர்களுக்கு தேசிய ஆகக்குறைந்த வேதனத்தை நிர்ணயித்தது. அதில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று இல்லை. தொகை இடைக்கிடை உயர்த்தப்படுவதால் இப்போதைய தொகையைத் தொழில் அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள்.

தொழிற்சாலை, கடை, நிறுவனம் என எங்கு வேலைக்குச் சேர்ந்தாலும் நியமனக் கடிதத்தையும் மாதாந்தச் சம்பளத் துண்டையும் கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படும். தொழில் கொள்வோர் தம் பங்காக 12 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் அவரே செலுத்த வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. கர்ப்பிணியானதற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. பிரசவ விடுமுறை 84 நாட்கள். 2018இன் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் இதே அளவுதான்.

பயமின்றிப் போய்வருதல்

“ஊர் கதைக்கும், நீ வீட்டிலேயே இரு” என்று பெண்ணைத் தடுப்பது பாதுகாப்பு ஆகாது. வருமானம் இல்லாத பெண்ணே மற்றவர்களின் தயவில் தங்கியிருக்க வேண்டி வருகிறது. போய்வரும் வழியைப் பாதுகாப்பாக்குவதே சரியான தீர்வு. முன்னர் திரும்பிய கிராமங்களில் பயன் தந்த சில வழிகள் இவை:

- ஒரே திசையில் வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவது. கடைசியாக இறங்குபவர் தனித்து நடக்க வேண்டியிருந்தால் வீட்டிலிருந்து ஒருவர் சந்திக்கு வருவது.
- கூலியைப் பின்னேரம் தனியாக வீட்டில் வந்து வாங்கச் சொன்னால் மறுப்பது. வேலை செய்த இடத்தில், மற்றவர்கள் முன்னிலையில் வாங்குவது.
- சந்தையிலும் வேலைத்தளத்திலும் பெண்களுக்குப் பூட்டுள்ள தனி மலசலகூடம் வேண்டுமென்று சங்கத்தின் ஊடாகக் கேட்பது. இது இல்லாததாலேயே நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு.
- இருண்ட வீதிக்கு விளக்கும் பற்றை வெட்டுதலும் கேட்டுப் பிரதேச சபைக்கு எழுதுவது.
- கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடத்துக்கு விறகுக்கும் போகாமல் இருப்பது.

வேலைத்தளத்தில் மேலாளராலோ சக ஊழியராலோ வரும் பாலியல் தொந்தரவு, அது சொல்லாக இருந்தாலும் செயலாக இருந்தாலும், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். பஸ்ஸிலும் வீதியிலும் நடந்தாலும் அதே சட்டம்தான்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு கையெழுத்துக்காகவோ, வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் சேர்க்கவோ, கடன் தவணையைத் தள்ளிப்போடவோ பெண்ணிடம் தவறான எதிர்பார்ப்பை வெளியிடுவோர் இருக்கிறார்கள். இது பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதை இலஞ்சக் குற்றமாகவே கருதுகிறது. வெட்கப்பட வேண்டியவர் கேட்டவரே. எமது நிறுவனம் உட்பட எந்த நிவாரண அமைப்பின் உதவிக்கும் காசோ கைம்மாறோ கொடுக்கத் தேவையில்லை. எமது பணியாளர் ஒருவர் அப்படிக் கேட்டால் அதையும் முறைப்பாடு செய்யுங்கள்.

வீட்டுக்குள் அடி, மிரட்டல், உழைத்த காசைப் பறித்தல் நடந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். கணவரைச் சிறைக்கு அனுப்புவது இதன் நோக்கமல்ல, வன்முறையை நிறுத்துவதே நோக்கம்.

கடன்: கையெழுத்துக்கு முன் கணக்கு

வீதி திறந்ததும் வன்னிக்கு வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வந்தன. பிணை இல்லை, உறுதி தேவையில்லை, அடையாள அட்டையும் 4, 5 பெண்கள் கொண்ட குழுவும் போதும் என்றார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணைகளாகக் கிடைத்தது. மண், சீமெந்து விலையும் மேசன் கூலியும் கூடியபோது, மிச்ச வேலையை முடிக்கப் பலர் நுண்கடன் எடுத்தார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று அது வளர்ந்தது. நிலைமை மோசமடைந்ததால், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமைகள் கட்ட வேண்டும். மொத்தம் 65,000 ரூபா. “நூற்றுக்கு 30 வட்டி” என்று சொல்வார்கள். ஆனால் முழு 50,000 ரூபாவும் உங்கள் கையில் ஒரு வருடம் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். அரை வருடத்தில் பாதி முதல் போய்விடுகிறது. அதனால் உண்மையான ஆண்டு வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது.

இரண்டாவது கணக்கு இதைவிட முக்கியம். கச்சான் போட்டால் காசு வர மூன்று மாதத்துக்கு மேலாகும். கன்று வாங்கினால் பால் வர இன்னும் பல மாதம். கடன் தவணையோ அடுத்த கிழமையே தொடங்கும். இடையில் உள்ள கிழமைகளுக்குக் காசு எங்கிருந்து வரும்? இதற்கு விடை இல்லையென்றால் அந்தத் தொழிலுக்கு அந்தக் கடன் பொருந்தாது.

கையெழுத்திடும் முன்:

- ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். ஒரு பிரதியை வாங்கி வைத்திருங்கள்.
- “மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டுவேன்?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.
- நிறுவனம் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள்.
- வேறொருவரின் தேவைக்கு உங்கள் பெயரில் கடன் எடுக்க வேண்டாம். கேட்பவர் கணவராகவோ தம்பியாகவோ இருந்தாலும், கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.
- ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

தவணை பிந்தினால் மிரட்டவோ, தகாத வார்த்தை பேசவோ, பெண் தனித்திருக்கும் வீட்டில் இரவில் வந்து நிற்கவோ கடன் கொடுத்தவருக்கு உரிமை கிடையாது. அப்படி நடந்தால் பொலிஸில் முறையிடலாம்.

சேர்ந்து செய்தால் பலம்

பெரும்பாலான கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கும். இல்லையென்றால் பிரதேச செயலகத்தின் உதவியுடன் தொடங்கலாம். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து சிறு தொகையாகச் சேமித்தால் பிறகு குறைந்த வட்டியில் கடன் பெறலாம். அந்த வட்டியும் உங்கள் சங்கத்திலேயே தங்கும். 10 பெண்கள் தனித்தனியாகக் கச்சானை வீட்டு வாசலில் கொடுத்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. ஒன்றாகச் சேர்த்து, தராசையும் தாமே வைத்துக்கொண்டால் விலை பேசலாம். பனங்கட்டி, ஒடியல், கருவாடு, ஓலைக் கைப்பணி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

சங்கத்தில் மாற்றுத்திறனாளிப் பெண்களையும், புனர்வாழ்வு பெற்று வந்த பெண்களையும், தனித்து வாழும் பெண்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒதுக்கப்படுபவரையே ஏமாற்ற நினைப்பவர்கள் முதலில் தேடி வருவார்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை

மனைவி, அக்கா, மகள் வேலைக்குப் போகும்போது சமையலும் தண்ணீர் அள்ளுவதும் விறகும் முழுவதும் அவர் தலையிலேயே இருந்தால் ஒருவரே இரண்டு ஆளின் வேலையைச் செய்ய நேரும். அந்தச் சுமை பல வீடுகளில் மூத்த பெண்பிள்ளை மீது இறங்குகிறது. தம்பி தங்கையைப் பார்க்க அவளைப் பள்ளிக்கூடத்தால் மறிக்கிறார்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம். தாயின் வருமானத்துக்கு மகளின் படிப்பு விலையாகக் கூடாது. முன்பள்ளி முடியும் நேரத்துக்குப் பிள்ளையை யார் கூட்டி வருவது, பின்னேரம் யார் அடுப்பு மூட்டுவது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதும் நல்ல ஏற்பாடு.

காசு விடயத்திலும் அப்படியே. மாதம் ஒரு தடவை இருவரும் ஒரு கொப்பியில் வரவு செலவை எழுதுங்கள். உழைத்தவர் தன் காசைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வீட்டில் இருக்கக் கூடாது.

உதவி தேவைப்பட்டால்

- பெண்கள் உதவி இலக்கம்: 1938
- சிறுவர் உதவி இலக்கம்: 1929
- பொலிஸ் அவசர அழைப்பு: 119. பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குச் செல்லக் கேளுங்கள்.
- இலஞ்சம், பாலியல் இலஞ்சம்: இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, 1954
- மனித உரிமைகள் ஆணைக்குழு: 1996
- பிரதேச செயலகம்: மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவைகள் உத்தியோகத்தர், காணிக் கிளை
- கூலி, சேமலாப நிதி, பிரசவ விடுமுறை: தொழில் அலுவலகம்
- வழக்குச் செலவுக்கு வசதி இல்லாதவர்களுக்கு: சட்ட உதவி ஆணைக்குழு

முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. வாசித்து விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

1. வீட்டில் உள்ள ஒவ்வொரு பெண்ணின் அடையாள அட்டையும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. உழைக்கும் பெண்ணின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறவுங்கள்.
3. காணிப் பத்திரத்தை எடுத்து, பின்னுரித்தாளர் பெயர் உள்ளதா என்று வாசியுங்கள். இல்லையென்றால் காணிக் கிளைக்குப் போங்கள்.
4. ஏற்கெனவே எடுத்த கடன்களை ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை.
5. கிராமத்து மாதர் சங்கக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, ஒரு தடவையாவது போய் இருந்து பாருங்கள்.

இந்தப் பக்கங்களை வாசிக்க முடியாத அயலவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கடைசி இரண்டு பட்டியல்களையும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.